கொழும்பு முதல் கொஹிமா வரை: இரண்டாம் உலகப் போரைத் திருப்பிய எண்ணெயும் அரிசியும்

1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. காலை ஏழரை மணி வாக்கில் 120-க்கும் அதிகமான ஜப்பானிய விமானங்கள் கொழும்புத் துறைமுகத்தின் மேல் வந்து குண்டு போட்டன. தெற்கே நடுக்கடலில் நின்ற ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து கிளம்பி வந்தவை அவை. டார்செட்ஷயர், கார்ன்வால் என்ற இரு பிரிட்டிஷ் போர்க்கப்பல்களையும் அன்றைக்கே கடலில் தேடிப் பிடித்து மூழ்கடித்தார்கள். அவற்றில் 424 பேர் இறந்தார்கள். மறுநாள் வங்கக் கடலில் இன்னொரு ஜப்பானியக் கடற்படைப் பிரிவு விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு போட்டது. 9ஆம் தேதி திருகோணமலையின் முறை. சீனக்குடாவில் எண்ணெய்க் கிடங்கு பற்றி எரிந்தது. மட்டக்களப்புக்கு எதிரே கடலில் ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் 307 பேருடன் மூழ்கியது.

அடுத்தது சென்னைதான் என்று எல்லோரும் நம்பினார்கள். கிடைத்த ரயிலிலும் மாட்டு வண்டியிலும் ஏறி மக்கள் சொந்த ஊர்களுக்குக் கிளம்பினார்கள். அரசு அலுவலகங்கள் உள்மாவட்டங்களுக்கு மாற்றப்பட்டன. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் என்ன ஆவது என்று மிருகக்காட்சிசாலையின் கொடிய விலங்குகளைச் சுட்டுக் கொன்றார்கள்.

ஜப்பானியர் வரவில்லை. வருகிற திட்டமும் அவர்களுக்கு அப்போது இல்லை. இலங்கையில் இறங்கலாம் என்று கடற்படைக்குள் ஒரு யோசனை இருந்தது. அதற்குக் கொடுக்க ஆள் இல்லை என்று தரைப்படை கைவிரித்துவிட்டது. கொழும்பைத் தாக்கிய ஐந்து கப்பல்களில் அகாகி, சோர்யூ, ஹிர்யூ ஆகிய மூன்றும் சரியாக அறுபதாவது நாள், ஜூன் 4 அன்று, பசிபிக் கடலின் மிட்வே தீவுக்கு அருகே குண்டுபட்டு எரிந்துகொண்டிருந்தன.

மிட்வே, ஸ்டாலின்கிராட், எல் அலமேன், கொஹிமா என்று இந்தப் போரின் திருப்புமுனைகளை வரிசையாகச் சொல்லிவிடலாம். தளபதிகளின் மூளையும் வீரர்களின் துணிவும் அவற்றைத் தீர்மானித்தன என்று படித்திருக்கிறோம். துணிவு எல்லாப் பக்கமும் இருந்தது. ஆனால் ஒவ்வொரு சண்டையையும் கிட்டே போய்ப் பார்த்தால், அது திரும்புவதற்குச் சில வாரங்கள் முன்பே ஒரு பக்கத்தில் பெட்ரோலோ ரொட்டியோ அரிசியோ குறையத் தொடங்கியிருக்கிறது. இந்தக் கோணத்தில் பார்க்க எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்தச் சப்ளைப் பாதைகளில் ஒன்றை உயிரைக் கொடுத்துப் போட்டவர்கள் நம்மவர்கள்.

ஜப்பான் போரில் குதித்ததே எண்ணெய்க்காகத்தான். சீனாவில் ஆண்டுக்கணக்கில் போர் நடத்திக்கொண்டிருந்த அந்த நாடு, தனக்கு வேண்டிய எண்ணெயில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கை அமெரிக்காவிடம் வாங்கிக்கொண்டிருந்தது. பிரெஞ்சு இந்தோசீனாவின் தென்பகுதிக்குள் ஜப்பானியப் படை நுழைந்ததும், 1941 ஆகஸ்டில் அமெரிக்கா குழாயை மூடிவிட்டது. இருப்பு தீருவதற்குள் டச்சுக்காரர் வசமிருந்த சுமத்ரா, போர்னியோ எண்ணெய் வயல்களைப் பிடித்தாக வேண்டும். குறுக்கே வரும் அமெரிக்கக் கடற்படையை முதலில் முடமாக்க வேண்டும். டிசம்பர் 7 பேர்ல் ஹார்பர் தாக்குதலின் கணக்கு இதுதான். 2,403 அமெரிக்கர்கள் இறந்தார்கள். ஆனால் எண்ணெய்க்காகப் போருக்கு வந்தவர்கள் அந்தத் துறைமுகத்தின் கரையில் வரிசையாக நின்ற எண்ணெய்த் தொட்டிகளைத் தொடாமல் போனார்கள். அவற்றில் ஏறக்குறைய 45 லட்சம் பீப்பாய் எண்ணெய் இருந்தது. அது எரிந்திருந்தால் போர் இன்னும் இரண்டு ஆண்டு நீண்டிருக்கும் என்று அமெரிக்கத் தளபதி நிமிட்ஸ் பின்னால் சொன்னார்.

ஆறு மாதத்துக்கு யாராலும் ஜப்பானியரைத் தடுக்க முடியவில்லை. 1942 பிப்ரவரி 15 சிங்கப்பூர் விழுந்தது. அதே வாரம் சுமத்ராவின் பாலெம்பாங் எண்ணெய் ஆலைகள் கைக்கு வந்தன. மார்ச் 8 ரங்கூன். அதுவரை உலகிலேயே அதிக அரிசி ஏற்றுமதி செய்த நாடு பர்மா. சென்னை மாகாணமும் மலபாரும் திருவிதாங்கூரும் பர்மா அரிசியை நம்பி இருந்தவை. பர்மாவிலிருந்து லட்சக்கணக்கான இந்தியர்கள் காட்டு வழியே நடந்து அஸ்ஸாமுக்கும் மணிப்பூருக்கும் வந்தார்கள். வழியில் விழுந்தவர்களுக்குக் கணக்கு இல்லை.

மிட்வேயில் அமெரிக்கர்களுக்கு இரண்டு விஷயம் கைகொடுத்தது. ஜப்பானியக் கடற்படையின் சங்கேத மொழியை ஹவாயிலிருந்த ஜோசப் ரோஷ்ஃபோர்ட்டின் குழு ஓரளவு உடைத்திருந்தது. தாக்கப் போகும் இடத்தை ‘ஏஎஃப்’ என்று மட்டும் ஜப்பானியர் குறிப்பிட்டு வந்தார்கள். அது மிட்வேதானா என்று உறுதிசெய்ய, அங்கே குடிநீர் இயந்திரம் பழுது என்று வெளிப்படையாகவே ஒரு செய்தியை அனுப்பச் சொன்னார்கள். ஓரிரு நாளில் ‘ஏஎஃபில் தண்ணீர்த் தட்டுப்பாடு’ என்று ஜப்பானியச் செய்தி காற்றில் வந்தது. இன்னொன்று யார்க்டவுன் என்ற அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல். மே மாதம் பவளக் கடல் சண்டையில் அடிபட்டு வந்த அந்தக் கப்பலைச் சரிசெய்யப் பல வாரங்கள் ஆகும் என்றார்கள். பேர்ல் ஹார்பரின் தொழிலாளர்கள் இரவு பகலாக உழைத்து மூன்று நாளுக்குள் கடலுக்கு அனுப்பினார்கள். அதே சண்டையில் இருந்த ஜப்பானிய விமானந்தாங்கிகள் ஷோகாகு, ஜுய்காகு இரண்டும் ஜப்பானில் நின்றுவிட்டன: ஒன்றுக்குச் சேதம், மற்றதற்கு விமானிகள் போதவில்லை. இவையும் கொழும்புக்கு வந்த ஐந்தில் சேர்ந்தவை.

ஜூன் 4 காலை பத்தரை மணிக்குச் சற்று முன். எண்டர்பிரைஸ் என்ற அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலின் விமானங்களுக்குத் திரும்பிப் போகவே எரிபொருள் போதுமா என்ற நிலை. கீழே தனியாக வேகமெடுத்துப் போன ஒரு ஜப்பானிய நாசகாரிக் கப்பலின் நுரைத் தடத்தைப் பிடித்துக்கொண்டு அவற்றை நடத்திச் சென்ற மெக்ளஸ்கி தன் அணியைத் திருப்பினார். தடத்தின் முனையில் ஜப்பானின் முதன்மைக் கப்பல் அணி இருந்தது. யார்க்டவுனின் விமானங்களும் அதே சமயம் வந்து சேர்ந்தன. ஐந்தாறு நிமிடத்தில் அகாகி, காகா, சோர்யூ மூன்றும் எரிந்தன, மாலையில் ஹிர்யூ. கீழ்த்தளத்தில் பெட்ரோல் நிரப்பிய விமானங்களும் குண்டுகளும் அடைந்து கிடந்ததால் ஒவ்வொரு கப்பலும் தன் எண்ணெயிலேயே வெந்தது. யார்க்டவுனில், தாக்குதலுக்கு முன்பே குழாய்களிலிருந்த பெட்ரோலை வடித்துவிட்டுக் கரியமில வாயுவை நிரப்பி வைத்திருந்தார்கள். அந்தக் கப்பலும் பிறகு நீர்மூழ்கிக்குப் பலியானது, ஆனால் தீப்பிடித்துச் சாகவில்லை. போர் முடிவதற்குள் அமெரிக்கா எஸெக்ஸ் வகைப் பெரிய விமானந்தாங்கிக் கப்பல்கள் 17-ஐக் கடலில் இறக்கியது. ஜப்பானால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை.

ஆகஸ்டில் குவாடல்கனால் தீவில் தொடங்கிய சண்டை ஆறு மாதம் நீடித்தது. ஜப்பானியச் சிப்பாய்கள் அதைப் ‘பட்டினித் தீவு’ என்று பெயர் மாற்றிச் சொன்னார்கள். அங்கே மடிந்த ஜப்பானியரில் துப்பாக்கியால் செத்தவர்களைவிடப் பசியாலும் நோயாலும் செத்தவர்களே அதிகம்.

ஐரோப்பாவில் ஹிட்லரின் கணக்கும் எண்ணெய்க் கணக்குத்தான். 1941 ஜூன் 22 சோவியத் யூனியனுக்குள் முப்பது லட்சத்துக்கும் அதிகமான வீரர்களுடன் நுழைந்தபோது, அந்தப் படை டாங்கிப் படை என்றே உலகம் நினைத்தது. உண்மையில் அதில் ஆறு லட்சத்துக்கும் மேல் குதிரைகள் இருந்தன. பீரங்கியையும் ரொட்டியையும் குதிரைதான் இழுத்தது. ரயில் பாதையும் ஒத்துழைக்கவில்லை. ஜெர்மன் தண்டவாளத்தின் அகலம் 1,435 மில்லிமீட்டர், ரஷ்யத் தண்டவாளம் 1,524. மீட்டர்கேஜ், பிராட்கேஜ் மாற்றத்தில் ஊர் ஊராகக் காத்திருந்த நமக்கு இதன் அர்த்தம் எளிதில் புரியும். பிடித்த பாதையை எல்லாம் ஒவ்வொரு கிலோமீட்டராக மாற்றிப் போட்டுக்கொண்டே முன்னேற வேண்டியிருந்தது. டிசம்பரில் மாஸ்கோவின் வாசலில் அந்தப் படை பனியில் உறைந்து நின்றது.

1942 கோடையில் எல்லா முனையிலும் தாக்க ஹிட்லரிடம் பலம் இல்லை. ஆகவே தெற்கே, காக்கசஸ் எண்ணெயை நோக்கி மட்டும் போனார்கள். ஜூலை 23 உத்தரவில் அந்தப் படையை இரண்டாகப் பிரித்தார்: ஒரு பாதி பாகூ எண்ணெய் வயல்களுக்கு, மறுபாதி வோல்கா கரையில் இருந்த ஸ்டாலின்கிராடுக்கு. இரண்டுக்கும் போதுமான லாரியும் பெட்ரோலும் இல்லாமல் இரண்டையும் ஒரே சமயத்தில் தொட்டதுதான் அவருடைய பெரிய பிழை என்பது என் எண்ணம். குளிர்காலத்தின் மீது பழி போடுவது பிறகு வந்த சமாதானம். ஆகஸ்ட் 9 மைகோப் எண்ணெய் வயல் கிடைத்தது. ரஷ்யர்கள் கிணறுகளை அடைத்து, இயந்திரங்களை உடைத்துவிட்டுப் போயிருந்தார்கள். பாகூவை ஜெர்மானியர் கடைசிவரை பார்க்கவே இல்லை.

ஸ்டாலின்கிராடில் சோவியத் தளபதி சுய்க்கோவின் 62ஆம் படை ஜெர்மானியரை ஒட்டியே நின்று சண்டை போட்டது. அவ்வளவு நெருக்கத்தில் விமானத்திலிருந்து குண்டு போட்டால் சொந்த ஆட்கள் மேலும் விழும். தானியக் கிடங்குக்காக, ஒரு தொழிற்சாலைக் கூடத்துக்காக, ஒரு மாடிப்படிக்காக நாள்கணக்கில் அடித்துக்கொண்டார்கள். ஜெர்மானியர் தங்கள் சிறந்த வீரர்களை எல்லாம் நகருக்குள் திணித்துவிட்டு, இரு பக்கவாட்டையும் ருமேனியப் படைகளிடம் விட்டிருந்தார்கள். டாங்கியைத் துளைக்கும் பீரங்கி அவர்களிடம் பேருக்குத்தான் இருந்தது. அவர்களுக்குத் துணையாகப் பின்னால் நின்றது ஜெர்மனியின் 22ஆவது பான்சர் (டாங்கி) டிவிஷன். பெட்ரோல் இல்லாததால் அதன் டாங்கிகளைப் பல வாரம் ஓட்டாமல், குளிருக்கு வைக்கோல் மூடி நிறுத்தி வைத்திருந்தார்கள். கிளப்ப உத்தரவு வந்தபோது பல டாங்கிகள் கிளம்பவில்லை. வைக்கோலில் குடியேறிய எலிகள் மின்கம்பிகளின் உறையைக் கடித்துத் தின்றிருந்தன.

நவம்பர் 19 சோவியத் படை வடக்கிலிருந்தும், மறுநாள் தெற்கிலிருந்தும் இடித்தது. 23ஆம் தேதி வளையம் மூடியது. உள்ளே இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். நாளொன்றுக்கு 500 டன் சரக்கை விமானத்தில் கொண்டுவந்து தருகிறேன் என்று ஜெர்மன் விமானப்படைத் தலைவர் கோரிங் ஹிட்லருக்கு வாக்குக் கொடுத்தார். வந்தது சராசரியாக 100 டன்னை ஒட்டித்தான். குதிரைகளில் பெரும்பகுதியைக் குளிர்காலத் தீவனத்துக்காக முன்பே மேற்கே அனுப்பிவிட்டதால், பீரங்கியை இழுக்கவும் வழியில்லை, அறுத்துத் தின்னவும் போதவில்லை. டிசம்பரில் ஜெர்மன் தளபதி மான்ஸ்டைனின் மீட்புப் படை சுமார் 50 கிலோமீட்டர் வரை நெருங்கி வந்து நின்றது. அந்தத் தூரத்தைக் கடந்து வெளியே வர உள்ளே இருந்தவர்களிடம் பெட்ரோல் இல்லை. ஜனவரி 31 உள்ளே இருந்த படையின் தளபதி பவுலுஸ் சரணடைந்தார். பிப்ரவரி 2 எல்லாம் முடிந்தது. கைதான 91,000 பேரில் வீடு திரும்பியவர்கள் ஐந்தாறாயிரம். சோவியத் தரப்பில் அந்த ஒரு நகரத்துக்காக இறந்தும் காணாமலும் போனவர்கள் நாலே முக்கால் லட்சத்துக்கும் அதிகம்.

எகிப்துப் பாலைவனத்தின் எல் அலமேனைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஜெர்மன் தளபதி ரோம்மெல் கெட்டிக்காரர்தான், ஆனால் அவருடைய பெரிய துறைமுகமான திரிப்போலி இரண்டாயிரம் கிலோமீட்டருக்குப் பின்னால் இருந்தது. அங்கிருந்து பெட்ரோல் கொண்டுவரும் லாரியே வழியில் பெரும்பங்கு பெட்ரோலைக் குடித்துவிடும். பிரிட்டிஷ் தளபதி மான்ட்கோமரிக்கு அலெக்ஸாண்ட்ரியா துறைமுகம் நூறு கிலோமீட்டர். மத்தியதரைக் கடலின் நடுவில் பிரிட்டிஷார் வசமிருந்த மால்டா தீவு விழாமல் நின்றதால் இத்தாலியிலிருந்து வந்த எண்ணெய்க் கப்பல்கள் ஒவ்வொன்றாக மூழ்கின. அந்த மால்டாவைக் காப்பாற்ற ஆகஸ்டில் புறப்பட்ட 14 சரக்குக் கப்பல்களில் ஐந்துதான் போய்ச் சேர்ந்தன. அவற்றில் ஒன்று ஒஹாயோ என்ற எண்ணெய்க் கப்பல். உடைந்து மூழ்கப் போன அதை, இரு பக்கமும் நாசகாரிக் கப்பல்களைக் கட்டித் தாங்கிப் பிடித்துக் கரைசேர்த்தார்கள். நவம்பர் 4 ரோம்மெல் பின்வாங்கத் தொடங்கினார்.

இவற்றைவிடப் பெரிய திருப்பம் அட்லாண்டிக்கில் நடந்தது என்று நினைக்கிறேன். அதற்கு ஊர்ப்பெயர் இல்லாததால் குறைவாகவே பேசப்படுகிறது. 1943 மார்ச்சில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் இரண்டு கப்பல் அணிகளைச் சுற்றி வளைத்து இருபதுக்கும் மேற்பட்ட சரக்குக் கப்பல்களை மூழ்கடித்தன. இரண்டே மாதத்தில் எல்லாம் தலைகீழானது. நுண்ணலை ரேடார், நெடுந்தூரம் பறக்கும் லிபரேட்டர் விமானம், சங்கேதம் உடைத்தவர்களின் உழைப்பு, துணைக்கு வந்த சிறு விமானந்தாங்கிகள் என்று எல்லாம் ஒரே சமயத்தில் கூடிவந்தன. மே மாதம் மட்டும் 41 நீர்மூழ்கிகள் தொலைந்தன. அதில் ஒன்றில் ஜெர்மன் கடற்படைத் தளபதி டோனிட்ஸின் மகனும் இருந்தான். மே 24 அன்று டோனிட்ஸ் வடஅட்லாண்டிக்கிலிருந்து நீர்மூழ்கிகளை விலக்கினார். அதன்பின் அமெரிக்காவின் லாரியும் கோதுமையும் பெட்ரோலும் ஆறாக ஓடின. சோவியத் படைக்கு மட்டும் நாலு லட்சம் லாரிகளும் ஜீப்புகளும். அந்த ஜூலையில் ரஷ்யாவின் கூர்ஸ்க்கில், கிழக்கு முனையில் ஜெர்மனியின் கடைசிப் பெரிய தாக்குதல் உடைந்தது. அடுத்த ஜூனில் பிரான்ஸின் நார்மண்டியில் நேசப்படை இறங்கியது இந்தக் கடல்வழி திறந்ததால் சாத்தியமானது.

கப்பல் பஞ்சத்தின் விலையை அட்லாண்டிக்குக்கு வெளியே இருந்தவர்களும் கொடுத்தார்கள். 1943 ஜனவரியில், மற்ற இடங்களுக்குக் கப்பல் தேவை என்று இந்தியப் பெருங்கடலுக்கான சரக்குக் கப்பல்களைச் சர்ச்சில் பாதிக்கும் கீழே குறைத்தார். பர்மா அரிசி ஏற்கெனவே நின்றுபோயிருந்தது. வங்காளத்தில் அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் இறந்தவர்கள் இருபது முதல் முப்பது லட்சம் பேர். போரின் கணக்குப் புத்தகத்தில் இது எந்தச் சண்டையின் பேரிலும் எழுதப்படுவதில்லை.

இப்போது ஜப்பானின் பக்கம் திரும்புவோம். பர்மாவில் இருந்த படைக்குச் சிங்கப்பூரிலிருந்து மலாக்கா நீரிணை வழியாக ரங்கூனுக்குக் கப்பலில்தான் சரக்கு போக வேண்டும். மிட்வேக்குப் பிறகு கப்பல்களை அப்படிப் பணயம் வைக்க அவர்களால் முடியவில்லை. 1942 ஜூனில், மிட்வே நடந்த அதே மாதம், தோக்கியோ தலைமையகம் ஒரு ரயில் பாதைக்கு உத்தரவு போட்டது: சயாமின் (இன்றைய தாய்லாந்து) பான்போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாத் வரை, மலையும் மழைக்காடுமான 415 கிலோமீட்டர். சுமார் 60,000 போர்க் கைதிகளை அதில் இறக்கினார்கள். அவர்களைவிடப் பல மடங்காக, ஏறக்குறைய இரண்டு லட்சம் ஆசியத் தொழிலாளர்கள். மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் ரப்பர் தோட்டத் தமிழர்கள். ரப்பர் வாங்க ஆளில்லை, பால்மரம் வெட்டினால் கூலி இல்லை. சில மாத வேலை, நல்ல சம்பளம், சாப்பாடு என்றார்கள். ஆள் சேராதபோது பிடித்துக்கொண்டு போனார்கள்.

கைதிகளுக்கு அதிகாரிகளும் ராணுவ மருத்துவர்களும் இருந்தார்கள். தண்ணீரைக் கொதிக்க வை, கழிப்பிடத்தைத் தள்ளித் தோண்டு என்று கட்டளையிட ஓர் அமைப்பு இருந்தது. தோட்டத் தொழிலாளிக்கு அப்படி யாரும் இல்லை. 1943 மழைக்காலத்தில் காலரா வந்தபோது முகாம் முகாமாக மடிந்தார்கள். கைதிகளில் இறந்தவர்கள் 12,000-க்கும் மேல். அவர்கள் பெயர்ப்பட்டியல் இருக்கிறது. தொழிலாளர்களில் 75,000 முதல் ஒரு லட்சம் வரை என்கிறார்கள், பட்டியல் இல்லை. அக்டோபர் 17 இரு முனைத் தண்டவாளங்களும் சேர்ந்தன. குண்டுவீச்சாலும் மழையாலும் அந்தப் பாதை திட்டமிட்ட அளவுக்கு ஒருநாளும் சரக்கைச் சுமக்கவில்லை.

அந்தப் பாதையை நம்பித்தான் ஜப்பானியத் தளபதி முட்டகுச்சி 1944 மார்ச்சில் மூன்று டிவிஷன்களை மணிப்பூரின் இம்பால் மீது ஏவினார். மூன்று வார உணவு போதும். அதற்குள் பிரிட்டிஷ் கிடங்குகளைப் பிடித்து அதிலிருந்தே சாப்பிடலாம் என்பது திட்டம். வழிக்கு உணவாக மாட்டு மந்தைகளை ஓட்டிக்கொண்டு போனார்கள். அவற்றில் பல சிந்த்வின் ஆற்றைக் கடக்கும்போதும் மலையேறும்போதும் செத்துப்போயின. ஏப்ரல் 4, கொழும்புத் தாக்குதல் நடந்து ஏறக்குறைய இரண்டு ஆண்டு, அவருக்குக் கீழிருந்த சாட்டோவின் 31ஆவது டிவிஷன் நாகா மலையிலிருந்த கொஹிமாவை அடைந்தது. சுமார் 15,000 பேர். எதிரே பிரிட்டிஷ் தரப்பில் சண்டை போடத் தகுதியானவர்கள் ஆயிரத்து ஐந்நூறு. துணை ஆணையர் பங்களாவின் டென்னிஸ் மைதானம் இரு தரப்புக்கும் நடுவில் கிடந்தது. இந்தக் கோட்டிலிருந்து அந்தக் கோட்டுக்குக் கையெறி குண்டு வீசினார்கள். கொஹிமாவுக்குப் பின்னால் திமாப்பூரில் 18 கிலோமீட்டர் நீளத்துக்கு பிரிட்டிஷ் சப்ளைக் கிடங்கு விரிந்து கிடந்தது. ஜப்பானியர் அதைத் தொடவே இல்லை.

ஸ்டாலின்கிராடில் ஜெர்மானியர் மாட்டிக்கொண்டது போலவே இம்பாலில் பிரிட்டிஷ் தரப்பின் ஒன்றரை லட்சம் பேர் வளைக்கப்பட்டிருந்தார்கள். ஆனால் அவர்களின் தளபதி ஸ்லிம் அதற்கு முன்பே கணக்குப் போட்டிருந்தார். பர்மாவின் அரக்கானிலிருந்து 5ஆவது இந்திய டிவிஷனைப் பீரங்கியோடும் கோவேறு கழுதையோடும் விமானத்திலேயே கொண்டுவந்து இறக்கினார். சண்டை போடாதவர்களை வெளியே அனுப்பிச் சாப்பிடும் வாய்களைக் குறைத்தார். டகோட்டா விமானங்கள் நிற்காமல் அரிசியும் ஆட்டாவும் தோட்டாவும் இறக்கின.

மலைக்கு அந்தப் பக்கம் இந்திய தேசிய ராணுவமும் இருந்தது. சிங்கப்பூரில் பிடிபட்ட சிப்பாய்களோடு, துப்பாக்கியையே முன்பின் தொட்டிராத மலாயாத் தோட்டத் தமிழர்களும் நேதாஜியின் அழைப்பில் அதில் சேர்ந்திருந்தார்கள். ஆக ஒரே தோட்டத்துக்காரர்களில் சிலர் அந்தத் தண்டவாளத்தைப் போட்டுச் செத்தார்கள், சிலர் அதே தண்டவாளத்தில் ரயிலேறி முனைக்குப் போனார்கள். இம்பால் விழப்போகிறது, சுமை வேண்டாம் என்று சொல்லப்பட்ட காந்தி படைப்பிரிவு கனமான ஆயுதங்களை வழியிலேயே விட்டுவிட்டு மலையேறியது. பிறகு அரிசி வரவில்லை, மருந்து வரவில்லை, மழை வந்தது. மலேரியாவும் பசியும் அந்தப் படையைக் கரைத்தன.

மே மாதக் கடைசியில் சாட்டோ, தன் மேலதிகாரியின் உத்தரவை மீறிக் கொஹிமாவிலிருந்து பின்வாங்கினார். படை புறப்பட்ட நாளிலிருந்து தங்களுக்கு வாக்களித்த உணவு வந்து சேரவே இல்லை என்பது அவர் சொன்ன காரணம். ஜூன் 22 இம்பால் சாலை திறந்தது. ஜூலையில் ஜப்பான் தாக்குதலைக் கைவிட்டது. உள்ளே வந்த சுமார் 85,000 பேரில் 30,000 பேர் இறந்துவிட்டார்கள். அவர்களில் மிகப் பலர் சண்டையில் சாகவில்லை. சிந்த்வினுக்குத் திரும்பும் வழியில் மழையிலும் சேற்றிலும் பட்டினியாகக் கிடந்து செத்தார்கள். அடுத்த மே 3ஆம் தேதி ரங்கூன் மீண்டும் பிரிட்டிஷ் கைக்கு வந்தது.

போர் முடிந்தபின் அந்த ரயில் பாதையின் பர்மா பகுதியைப் பெயர்த்தெடுத்துவிட்டார்கள். தாய்லாந்துப் பக்கம் நாம் டோக் வரை இன்றும் பயணிகள் ரயில் ஓடுகிறது. வழியில் காஞ்சனபுரி நிலையத்துக்கு எதிரே போர்க் கல்லறைத் தோட்டம். ஏறக்குறைய 7,000 கல்லறைகள், ஒழுங்காக வெட்டிய புல், பெரும்பாலானவற்றில் பெயரும் படைப்பிரிவும் வயதும் பொறித்த பலகை. பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுப் பெயர்கள். மலாயாவிலிருந்து போன தோட்டத் தொழிலாளர்களுக்கு அங்கே பெயர்ப்பலகை இல்லை.